சின்னக் கட்சிக்குப் போட்டா வோட்டு வீணாகாதுங்க

லேபர், லிபரல்னு ரெண்டு பெரிய கட்சியும் பொருளாதாரத்த நடத்துற விதமே பிடிக்கல, ஆனா ஆஸ்திரேலியால 1ன்னு போடுற முதல் விருப்ப வோட்ட சின்னக் கட்சிக்குப் போட்டா வீணாப் போயிடுமான்னு கேட்டிருந்தீங்க. வீணாகாது, தைரியமா போடுங்க. இங்க கீழ்சபை வாக்குச்சீட்டுல எல்லா வேட்பாளருக்கும் 1, 2, 3ன்னு நம்பர் போடணும், நீங்க 1 போட்டவர் எண்ணிக்கைல வெளிய போயிட்டா உங்க வோட்டு முழு மதிப்போட 2க்குப் போகும், அவரும் போயிட்டா 3க்கு, இப்படியே போகும். வாக்குச்சாவடி வாசல்ல கட்சிக்காரங்க குடுக்குற கார்டு வெறும் சிபாரிசுதான், வரிசை உங்க இஷ்டம்.

ஆனா என்னக் கேட்டா செனட், அதாவது மேல்சபை, வாக்குச்சீட்டுலதான் நிஜமா யோசிக்கணும். செனட்ல மொத்தம் 76 இடம், மசோதா பாஸாக 39 வேணும், ஆளுங்கட்சிக்குத் தனியா அது கிடைக்கிறது அபூர்வம், அதனால மத்த கட்சிங்க ஆதரவு தேவைப்படும். 1999ல அப்போதைய பிரதமர் ஹோவர்டோட ஜிஎஸ்டி, டெமாக்ரட்ஸ்ங்கற சின்னக் கட்சி ஆதரவுலதான் பாஸ் ஆச்சு, அவங்க பேரம் பேசினதாலதான் அரிசி, பால், காய்கறிக்கெல்லாம் இன்னிக்கும் ஜிஎஸ்டி கிடையாது. 2014 பட்ஜெட்ல டாக்டரப் பாக்க 7 டாலர் கட்டணும்னு அரசாங்கம் கொண்டு வந்ததும் செனட்ல ஆதரவு கிடைக்காமத்தான் கைவிட்டாங்க.

அதனால கட்சிங்க பேச்சக் கேக்காதீங்க, வரி, செலவு விஷயத்துல நீங்க நினைக்கிற கட்சி செனட்ல எப்படி வோட்டு போட்டிருக்குன்னு பாருங்க, வாக்குறுதிக்கு எவ்வளவு செலவாகும்னு கணக்குப் போடுற பார்லிமென்டரி பட்ஜெட் ஆபீஸோட கணக்கு இருக்கான்னும் பாருங்க. செனட் வாக்குச்சீட்டுல கோட்டுக்கு மேல (கட்சிங்களுக்கான கட்டத்துல) போட்டா குறைஞ்சது 6 கட்டம் 1லேர்ந்து 6 வரை நிரப்பணும், மறந்துடாதீங்க.