லென்ஸைக் குறை சொல்லும் முன்: கேமரா கேள்வி-பதில்

கேள்வி: ஹீலியோஸ் 44-2 லென்ஸை எம்42 (பழைய திருகு மவுண்ட்) அடாப்டர் வைத்து என் நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மாட்டினேன். எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் இமை முடி வரை தெளிவாக விழுகிறது. தொலைவில் உள்ள எதை எடுத்தாலும் மங்கல். லென்ஸ் பழுதா?

லென்ஸ் மேல் பழி போடாதீர்கள், கணக்குதான் இடிக்கிறது. மவுண்ட் வளையத்திலிருந்து சென்சார் வரையிலான தூரம் ஒவ்வொரு கேமரா இனத்துக்கும் ஒரு நிலையான அளவு. எம்42 லென்ஸ்கள் 45.46 மி.மீ. தூரத்துக்காகச் செய்யப்பட்டவை. நிக்கான் எஃப் மவுண்ட்டில் அது 46.5 மி.மீ. அடாப்டருக்குத் தடிமனே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தைவிட 1.04 மி.மீ. முன்னால் தள்ளி நிற்கிறது.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். இந்த லென்ஸின் குவியத் தூரம் 58 மி.மீ. அந்த 58-ஐ 58-ஆல் பெருக்கி 1.04-ஆல் வகுத்துப் பாருங்கள்: சுமார் 3,235 மி.மீ. ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிட்டி (மிகத் தொலைவு) குறியில் கொண்டுபோய் நிறுத்தினாலும் மூன்றேகால் மீட்டர் சொச்சத்தோடு ஃபோகஸ் நின்றுவிடும். அடாப்டர் தன் பங்குக்கு இன்னொரு மில்லிமீட்டர் சேர்த்தால் ஒன்றேமுக்கால் மீட்டர்தான் எல்லை. உங்களுக்கு முகம் தெளிவாகவும் தொலைவு மங்கலாகவும் விழுவது இதனால்தான்.

நடுவில் சின்னக் கண்ணாடி வைத்த அடாப்டர்களும் கிடைக்கின்றன. அவை இன்ஃபினிட்டியை மீட்டுத் தரும், ஆனால் எஃப்/2-வில், அதாவது லென்ஸை முழுக்கத் திறந்து எடுக்கும்போது, படம் பால் கலந்ததுபோல ஆகிவிடும். அந்த லென்ஸை வாங்குவதே எஃப்/2-வில் பின்னணி சுழன்று தெரிவதற்காகத்தான் என்பதால் இந்த வழியை நாங்கள் சொல்லமாட்டோம். முகப்படம் மட்டும் போதுமென்றால் இப்போதுள்ளபடியே எடுங்கள். இல்லையென்றால் கேமரா பாடியை மாற்றுவதே சரி. கேனான் ஈஎஃப் மவுண்ட்டின் தூரம் 44 மி.மீ. என்பதால் 1.46 மி.மீ. வளையம் இடைவெளியைச் சரியாக நிரப்பும். (ஃபுல் ஃபிரேம், அதாவது 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள பாடிகளில் சில எம்42 லென்ஸ்களின் பின்பகுதி பாடிக்குள் எழும்பி இறங்கும் மிரரில் இடிக்கும், முதலில் மெல்லச் சோதியுங்கள்.) மிரரே இல்லாத மிரர்லெஸ் பாடிகளில் இந்தத் தலைவலியே இல்லை: சோனி ஈ 18 மி.மீ., நிக்கான் இசட் 16 மி.மீ., கேனான் ஆர்எஃப் 20 மி.மீ. மீதித் தூரத்தை அடாப்டர் குழாய் பார்த்துக்கொள்ளும்.

அந்தக் குழாயும் சரியான நீளத்தில் இருக்க வேண்டும். 0.1 மி.மீ. கூடிப்போனால் 58 மி.மீ. லென்ஸ் 33 மீட்டரில் நின்றுவிடும், 28 மி.மீ. வைட் லென்ஸோ 8 மீட்டரைக்கூடத் தாண்டாது. எனவே புது அடாப்டரை வைட் லென்ஸ் போட்டுத்தான் சோதிக்க வேண்டும். குழாய் கொஞ்சம் குட்டையாக இருந்தால் பரவாயில்லை, ஃபோகஸ் இன்ஃபினிட்டியைத் தாண்டி ஓடும், அவ்வளவுதான்.

மாட்டியதும் மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்ற பொருளில் உள்ளதை இயக்குங்கள். பாடிக்குள் அதிர்வுத் தடுப்பு இருந்தால் குவியத் தூரம் 58 என்று கையால் கொடுங்கள். முந்தைய லென்ஸின் 135 அங்கே கிடந்தால் சென்சார் தேவைக்கு மேல் ஆடி, அசையாத கையிலும் படத்தைக் கலைத்துவிடும்.

கேள்வி: ஃபில்ட்டர் லென்ஸோடு இறுகிவிட்டது. இடுக்கி வைத்துத் திருகலாமா?

வேண்டவே வேண்டாம். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க வட்ட வளையம் முட்டை வடிவமாகி மரையில் இன்னும் கவ்விக்கொள்ளும். விரல்களால் அழுத்தினாலும் இதே கதைதான். வளையம் முழுவதும் ஒரே அழுத்தம் விழ வேண்டும். தட்டையான ரப்பர் விரிப்பையோ சுத்தமான ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தையோ மேசையில் வைத்து, லென்ஸைக் கவிழ்த்து ஃபில்ட்டர் விளிம்பு அதில் படும்படி லேசாக அழுத்துங்கள். ஃபில்ட்டரின் முகத்தைப் பார்க்கும்போது அது இடஞ்சுழியாகத் திரும்ப வேண்டும். கவிழ்த்த லென்ஸை மேலிருந்து பிடித்திருப்பவர் லென்ஸையே இடஞ்சுழியாகத் திருப்பினால் சரியாக வரும். போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும், சுழற்றக்கூடிய ஃபில்ட்டர்) என்றால் இந்த வித்தை பலிக்காது, முன் வளையம் மட்டும் சுற்றும். லென்ஸை ஒட்டியுள்ள பின் வளையத்தில் அகலமான ரப்பர் பேண்டைச் சுற்றி அதைத் திருப்புங்கள். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், அது ஊர்ந்து அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) இதழ்களில் போய் உட்கார்ந்துவிடும்.

அடுத்த முறை மாட்டும்போது முதலில் எதிர்த்திசையில் கால் சுற்றுத் திருப்புங்கள். மரைகள் பொருந்தும் இடத்தில் 'டிக்' என்று ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து முறுக்கத் தொடங்கினால் மரை தப்பாது.

கேள்வி: என் சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸைக் காகிதத்தின் மேல் வைத்தால் தேநீர்க் கறைபோல மஞ்சளாகத் தெரிகிறது. கதிரியக்கம் என்கிறார்களே, பயப்பட வேண்டுமா?

அந்த லென்ஸின் ஏழு கண்ணாடி வடிவத்தில், ஒளியை அதிகம் வளைப்பதற்காகத் தோரியம் ஆக்ஸைடு கலந்த கண்ணாடியைப் பயன்படுத்தினார்கள். தோரியத்தின் கதிர்வீச்சு பல பத்தாண்டுகளாகக் கண்ணாடிக்குள்ளேயே பட்டுப்பட்டு அதை மஞ்சளாக்குகிறது. கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதில் அஞ்ச ஒன்றுமில்லை. கண்ணாடியைத் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது, தூள் உடம்புக்குள் போவதுதான் ஆபத்து. கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் உருப்பெருக்கியாக இதை வைத்துக்கொள்வதும் தவறு.

நிறத்தை ஒயிட் பேலன்ஸ் சரிசெய்துவிடும். இழந்த ஒளியை அது திருப்பித் தராது; அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை போயிருக்கலாம் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). புற ஊதா ஒளி இந்த மஞ்சளைக் கரைக்கும். 365 முதல் 395 நானோமீட்டர் எல்.இ.டி. விளக்கு ஒன்று போதும். தோரியக் கண்ணாடி பின்பக்கம் இருப்பதால் லென்ஸின் பின்முகம் விளக்கைப் பார்க்க வேண்டும். அடியில், முன்கண்ணாடிக்குக் கீழே, அலுமினியத் தாளை விரித்தால் ஒளி திரும்பி மேலேறும். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து வையுங்கள். மஞ்சளின் ஆழத்தைப் பொறுத்துச் சில நாள்களோ ஓரிரு வாரங்களோ ஆகும். தினமும் ஒரே வெள்ளைத் தாளை ஒரே ஒயிட் பேலன்ஸில் எடுத்து ஒப்பிட்டால் எப்போது நிறுத்தலாம் என்று தெரிந்துவிடும். விளக்கை வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள்.

வெயிலில் வைப்பது பழைய வழி. விளக்கே மேல் என்பது எங்கள் கருத்து. எஃப்/1.4 லென்ஸ் சூரியனைக் குவித்தால் பக்கத்தில் உள்ளது பற்றி எரியும். சூட்டில் கிரீஸ் இளகி இதழ்களுக்கு இறங்கும். இந்த லென்ஸில் ஷட்டர் விழும் நொடியில் இதழ்கள் சட்டென்று மூட வேண்டும், கிரீஸ் ஒட்டினால் தாமதிக்கும், ஃபிலிம் கேமராவில் படம் வெளுத்துப்போகும்.

கேள்வி: 16 மி.மீ. லென்ஸில் போலரைசர் போட்டால் வானத்தின் நடுவில் கருநீலத் திட்டு. வேரியபிள் என்டி (ஒளியை வேண்டிய அளவு குறைக்கும் ஃபில்ட்டர்) போட்டால் பெருக்கல் குறி. இரண்டுமே மட்டமான சரக்கா?

விலை உயர்ந்ததை வாங்கினாலும் இதுதான் வரும். வானத்தின் ஒளி சூரியனுக்கு 90 டிகிரியில் மிக அதிகமாகத் துருவமுறும், அதாவது ஒரே திசையில் அதிரும். விலக விலகக் குறையும். ஃபுல் ஃபிரேமில் 24 மி.மீ. லென்ஸே குறுக்கில் சுமார் 74 டிகிரி பார்க்கிறது. 16 மி.மீ. அதைவிட அகலம், ஆகவே இருண்ட பட்டையும் வெளிறிய ஓரமும் ஒரே படத்தில் சிக்குகின்றன. ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலைச் செங்குத்தாக விரித்துக் கையைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் காட்டும் வட்டமே அந்த இருண்ட பட்டை. அது சட்டத்துக்கு வெளியே போகும்படி நில்லுங்கள், அல்லது 35 மி.மீ.-க்குப் போய்விடுங்கள்.

வேரியபிள் என்டி என்பது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போலரைசர். கடைசி ஒன்றிரண்டு ஸ்டாப்பில் வைட் லென்ஸின் மூலைகளில் அவை ஒத்துப்போகாமல் அந்தப் பெருக்கல் குறி விழுகிறது. வைட் லென்ஸுக்கு நிலையான என்டி வாங்குங்கள். 10 ஸ்டாப் ஃபில்ட்டர் என்றால் நேரத்தை ஆயிரத்தால் பெருக்குங்கள்: 1/60 விநாடி 17 விநாடியாகும். ஃபில்ட்டர் போடும் முன்பே ஃபோகஸை முடித்துவிடுங்கள், பிறகு இருட்டில் துழாவ வேண்டியிருக்கும்.

கேள்வி: பாதரச பேட்டரிக்காகச் செய்த பழைய ஃபிலிம் கேமராவில் அதே அளவு ஆல்கலைன் போட்டேன். ஒளி அளக்கும் மீட்டரின் முள் நன்றாக ஆடுகிறது. படங்கள் மட்டும் இருட்டு.

பழைய 625 பாதரச செல் 1.35 வோல்ட், தீரும்வரை ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். ஆல்கலைன் 1.5-இல் தொடங்கி வழுக்கிக்கொண்டே இறங்கும். கூடுதல் வோல்ட்டில் முள் கூடுதலாக எழும்புகிறது, ஒளி நிறைய இருக்கிறது என்று கேமரா ஏமாறுகிறது, நீங்களும் அப்பர்ச்சரைச் சுருக்குகிறீர்கள். ஐஎஸ்ஓ டயலைக் குறைத்து வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். பேட்டரி இறங்க இறங்கப் பிழையும் மாறுவதால் அந்தக் கணக்கு நாலு ரோலுக்குக்கூடத் தாங்காது.

காதுக் கருவிக்கான 675 துத்தநாக-காற்று செல் 1.4 வோல்ட், இதுவே எளிய மாற்று. அகலம் குறைவு என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டு நடுவில் நிறுத்துங்கள். ஒட்டுத்தாளை உரித்து ஓரிரு நிமிடம் காற்று படவிட்டுப் போடுங்கள், காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள். உரித்த பிறகு இரண்டு மூன்று மாதம் வரும். அடிக்கடி மாற்றச் சலிப்பவர்கள், வோல்ட்டைக் குறைக்கும் டயோடு உள்ளே வைத்த அடாப்டரோடு 1.55 வோல்ட் சில்வர் ஆக்ஸைடு செல் போடலாம். பென்டாக்ஸ் ஸ்பாட்மாட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. அதன் மீட்டர் பிரிட்ஜ் சர்க்யூட் என்பதால் வோல்ட் கூடினாலும் முள் தடம் மாறாது.

எதைப் போட்டாலும் ஃபிலிம் ஏற்றும் முன், ஒரே நிறச் சுவரை டிஜிட்டல் கேமராவிலும் இதிலும் அளந்து பாருங்கள். நல்ல வெளிச்சம், நிழல், அறை விளக்கு என மூன்று இடங்களில். மூன்றிலும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் டயலில் ஈடுகட்டலாம். இடத்துக்கு இடம் மாறினால் குறை பேட்டரியோடு நிற்கவில்லை. ஒளி உணரும் செல்லே தளர்ந்திருக்கும். அந்த மீட்டரை மறந்துவிட்டுக் கையடக்க மீட்டரால் அளந்து எடுங்கள்.