பதில்: பத்து வருடத்துக்குப் பிறகும் தம்பிக்கு லெவல் 3 தானா?

வணக்கம். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் லெவல் 2-இல் (மத்திய அரசுச் சம்பள அட்டவணையின் இரண்டாம் நிலை) பத்து வருடம் முடித்த தம்பிக்கு லெவல் 3 தான் கிடைத்தது, கூட வேலை செய்பவர் லெவல் 4-க்குப் போய்விட்டார், தம்பியை ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களைப் போல நானும் சேலம்தான், சூரமங்கலம். உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் இது தவறு இல்லை.

தம்பிக்கு வந்தது எம்ஏசிபி. பதவி உயர்வு கிடைக்காத மத்திய அரசு ஊழியருக்கு 10, 20, 30 வருடங்களில் வரும் சம்பள உயர்வு அது. பதவி மாறாது, சம்பள அட்டவணையில் அடுத்த லெவல் மட்டும்தான். கூட வேலை செய்பவருக்குக் கிடைத்தது நிஜமான பதவி உயர்வு. தம்பி இருக்கும் ஸ்கில்டு பதவிக்கு மேல் உள்ள பதவி ஹைலி ஸ்கில்டு இரண்டாம் நிலை, அதற்கு லெவல் 4.

பணத்தில் பார்த்தால் வித்தியாசம் சின்னது. தம்பியின் அடிப்படைச் சம்பளம் 26,000 என்றீர்கள். எம்ஏசிபியில் அது 26,800 ஆகும். பதவி உயர்வு என்றால் 27,100. அவ்வளவுதான்.

அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உயர்வு வந்த தேதியிலேயே சம்பளத்தை நிர்ணயிப்பதா, அடுத்த இன்கிரிமென்ட் தேதியிலா என்ற விருப்பத்தை ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள். இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு, இன்றே தம்பிக்குப் போன் செய்து சொல்லுங்கள். அப்புறம், டிரேட் டெஸ்ட்டுக்கு (பதவி உயர்வுக்கான தொழில் தேர்வு) அவர் படிக்கட்டும். மேலே போக வழி அதுதான்.