இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை: இது நம் சுதந்திரத்தில் தலையிடுவது ஆகாதா?

இந்தியாவில் 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மூடிய அரங்குக்குள் வைக்கலாம். திருவிழா நாட்களில் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் கிடையாது.

காரணம் எளிது. பாட்டுக் கேட்பது உங்கள் உரிமைதான். ஆனால் கம்பத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து அலறினால், உள்ளே காய்ச்சலில் படுத்திருக்கும் குழந்தையும் கேட்டே ஆக வேண்டும். அவர்களுக்கு எழுந்து போக வழியில்லை. விரும்பாதவரைக் கேட்க வைக்க யாருக்கும் உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

பேருந்தில் ஜன்னல் சீட் உங்களுடையதுதான். சாரல் பின்சீட்டுக்காரரை நனைக்கிறது என்றால் கண்ணாடியை மூடத்தானே வேண்டும்?

ஊர் ஒன்றுகூடும் கொண்டாட்டம் தேவை. 15 நாள் தளர்வை அதனால்தான் நான் நியாயமாகப் பார்க்கிறேன்.

அப்புறம், ‘போலீஸ் பர்மிஷன் இருக்கிறது, விடிய விடியப் போடலாம்’ என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பகலில் ஒலிபெருக்கி வைக்கவே அந்த அனுமதி வாங்க வேண்டும்; அதைக் காட்டி இரவுத் தடையை மீற முடியாது.