சோறுதானே?

கேள்வி: வீட்டில் முதல்முறையாக ஸ்டேக் (தடித்த மாட்டிறைச்சித் துண்டு) செய்தேன். சாறு வெளியே போகாமல் இருக்க பெரிய தீயில் இரண்டு பக்கமும் ‘சீல்’ வைத்தேன். மேலே சோயாவும் வெங்காயமும் போட்ட ஜப்பானிய சாஸ். நன்றாக இருந்தது என்றாலும் சாஸ் உப்புக் கரிப்பதாக வீட்டுக்காரர் சொன்னார். எந்த சோயா சாஸ் வாங்கலாம்? பக்கத்தில் வைத்தது சோறுதானே என்று வீட்டில் இருந்த பாஸ்மதியையே வைத்துவிட்டேன்.
– ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: சோயா சாஸுக்குக் கடைசியில் வருகிறேன். ‘சோறுதானே’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் ‘தானே’யைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஜப்பானிய மொழியில் வெந்த அரிசிக்கு ‘கோஹான்’ என்று பெயர். சாப்பாட்டுக்கும் அதுதான் பெயர். காலைச் சாப்பாடு அசாகோஹான், மதியம் ஹிருகோஹான், இரவு பான்கோஹான். காலையில் ரொட்டியும் முட்டையும் தின்றாலும் அது அசாகோஹான்தான். “சோறு தின்னாச்சா?” என்று நலம் விசாரிக்கிற நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சோற்றோடு வைக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ‘ஓகாஸு’. நம் தென்மாவட்டங்களில் வெஞ்சனம் என்பார்களே, அதேதான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்டேக் ஆனாலும் அந்த மேசையில் அது வெஞ்சனம். நீங்கள் ஸ்டேக்குக்குப் பக்கத்தில் சோற்றை வைத்தீர்கள். அவர்கள் சோற்றுக்குப் பக்கத்தில் ஸ்டேக்கை வைப்பார்கள்.

இது சும்மா வார்த்தை விளையாட்டு இல்லை. 675-இல் தென்மு மன்னர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்பதற்குத் தடை போட்டார். ஆண்டில் சில மாதங்களுக்கு மட்டுமான தடைதான். ஆனாலும் அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகள் ஜப்பானியர்களில் பெரும்பாலோர் மாட்டிறைச்சிப் பக்கமே போகவில்லை. 1872-இல் மெய்ஜி மன்னர் மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்ற செய்தியை வெளியிட்டு அந்த விலக்கைத் தளர்த்தினார்கள். அப்புறம் மக்கள் என்ன செய்தார்கள்? கத்தியும் முள்கரண்டியுமாகப் பெரிய துண்டை அறுத்துத் தின்ன எல்லோரும் உட்கார்ந்துவிடவில்லை. இறைச்சியை நறுக்கி, மிசோ என்ற சோயா விழுதிலும் சோயா சாஸிலும் சர்க்கரையிலும் வேகவைத்து, சோற்றுக்குத் தோதாக மாற்றிக்கொண்டார்கள். 1899-இல் டோக்கியோவின் நிஹோன்பாஷி மீன் சந்தையில் தொடங்கிய யோஷினோயா கடை, அந்த இறைச்சியை ஒரு கிண்ணம் சோற்றின் மேலேயே போட்டுக் கொடுத்தது. சந்தையில் வேலை செய்பவர்களுக்கு நின்று நிதானித்துச் சாப்பிட நேரம் இருக்காதே!

நீங்கள் செய்த சாஸின் பெயர் ‘வஃபூ’. ஜப்பானிய பாணி என்று பொருள். ஜப்பானியர்கள் தங்கள் சொந்தச் சமையலுக்கு இந்தப் பெயரை வைப்பதில்லை. வெளியிலிருந்து வந்து வீட்டுக்காரனாகிவிட்ட பதார்த்தத்துக்குத்தான் வைப்பார்கள். ஸ்டேக்கை வீட்டுக்காரனாக்கியது இந்தச் சாஸ். சாஸைச் செய்ததே சோற்றுக்காக.

இப்போது உப்புக்கு வாருங்கள். ஜப்பானில் பரவலாகப் புழங்கும் சோயா சாஸில் உப்பு சுமார் 16 விழுக்காடு. உப்பே போடாமல் வடித்த சோறு அதை வாங்கிக்கொள்ளும் என்ற கணக்கில்தான் செய்முறையே இருக்கிறது. ஜப்பானிய அரிசி குட்டை மணி; சோற்றை ஒட்டவிடாத அமைலோஸ் என்ற மாவுச்சத்து அதில் குறைவு. வெந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சாஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாஸ்மதி பொலபொலவென்று நிற்கும். பிரியாணியில் அதைத்தான் கொண்டாடுகிறோம். இங்கே அந்தக் குணமே எதிராகப் போகிறது: சாஸ் மணிகளுக்கு இடையில் வழிந்து தட்டின் அடிக்குப் போய்விடும், வீட்டுக்காரர் இறைச்சியை அந்தக் குட்டையில் தோய்த்துச் சாப்பிட்டிருப்பார். கரித்தது சாஸின் குற்றம் இல்லை, அரிசியின் குற்றம். அடுத்த முறை சாஸைக் கரண்டியில் எடுத்து ருசி பார்க்காதீர்கள். ஒரு வாய்ச் சோற்றில் விட்டுப் பாருங்கள். குழம்பை உள்ளங்கையில் விட்டுப் பார்த்தால் சுரீர் என்றிருக்கும், சோற்றில் பிசைந்தால் சரியாகிவிடும் இல்லையா?

அரிசியைத் தண்ணீர் ஓரளவு தெளியும்வரை கழுவி அரைமணி நேரம் ஊறவைத்து வடியுங்கள். ஒரு கப் அரிசிக்கு ஒன்றேகால் கப்புக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். கொதி வந்ததும் தீயைக் குறைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், அடுப்பை அணைத்து மூடியபடி இன்னும் பத்து நிமிடம். ‘முதலில் மெல்ல மெல்ல, நடுவில் பெருந்தீ, குழந்தை அழுதாலும் மூடியைத் திறக்காதே’ என்ற பொருளில் ஜப்பானில் ஒரு பழைய சொலவடையே உண்டு. 1955-இல் தோஷிபா நிறுவனம் மின்சாரச் சோற்றுப் பானையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் மினாமி யோஷிதாதா என்ற சிறு தொழிற்சாலைக்காரர். நாள் முழுக்கச் சோறு பொங்கிப் பொங்கி, சூட்டையும் நேரத்தையும் குறித்துக் குறித்துப் பரிசோதனை செய்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. 98 டிகிரியில் 20 நிமிடம் என்ற கணக்கு அந்த அடுப்படியில் பிடிபட்டது. எத்தனையோ வீடுகளின் சமையலறையை மாற்றிய பொருள் அது. ஃபுமிகோவின் பெயரை எத்தனை பேருக்குத் தெரியும்? ‘சோறுதானே’ என்று நாம் சொல்லும்போதெல்லாம் காணாமல் போவது இப்படிப்பட்ட பெண்களின் உழைப்பு. என் கோபம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் மேல் இல்லை.

அடுத்து, ‘சீல்’. இந்தப் பக்கத்தில் நான் பலமுறை சண்டை போட்ட விஷயம். இன்னும் போடுவேன். தீயில் வாட்டினால் இறைச்சியின் மேல்பக்கம் அடைத்துக்கொண்டு சாறு உள்ளே நின்றுவிடும் என்று 1847-இல் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் எழுதினார். அது தவறு என்று எப்போதோ தெரிந்துவிட்டது, ஆனாலும் விடாமல் உலவுகிறது. கல்லில் போட்டதும் ‘சுர்ர்’ என்று கேட்கிறதே, அது இறைச்சியிலிருந்து வெளியே வந்த நீர் ஆவியாகும் சத்தம். சீல் வைத்திருந்தால் அந்தச் சத்தம் ஏன் தொடர்கிறது? பெரிய தீ வேண்டும்தான். அது மேல்பக்கம் சிவந்து மணம் ஏறுவதற்காக. அந்த மாற்றத்தை 1912-இல் விளக்கியவர் மயார் என்ற பிரெஞ்சுக்காரர். நன்றாகச் சிவக்க இறைச்சியின் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். சாறு நிற்க வேண்டுமானால் நடுப்பகுதி 55 டிகிரி வாக்கில் இறக்குங்கள், ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு நாருக்குக் குறுக்காக விரல் அகலத்துக்கு நறுக்குங்கள். குச்சியால் எடுத்துச் சாப்பிடும் மேசையில் கத்திக்கு வேலை இல்லை.

வெங்காயம் என்றதும் எனக்கு ஷாலியாப்பின் நினைவு வந்துவிடும். ரஷ்யாவின் மாபெரும் பாடகர். கட்டைக் குரலில் அரங்கையே அதிரவைத்தவர். 1936-இல் கச்சேரிக்காக ஜப்பான் வந்து டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டலில் தங்கினார். அவருக்கு ஸ்டேக் வேண்டும். ஆனால் பல்வலி! அத்தனை பெரிய குரல் வெளியே வருகிற வாய்க்குள் ஒரு துண்டு இறைச்சி போக முடியவில்லை. ஹோட்டல் சமையல்காரர் இறைச்சியைத் தட்டி மெல்லிசாக்கி, வெங்காயத்தில் புதைத்து ஊறவைத்து, வாட்டி, வதக்கிய வெங்காயத்தை மேலே குவித்துக் கொடுத்தார். பாடகர் மகிழ்ந்தார். ஷாலியாப்பின் ஸ்டேக் என்ற பெயர் இன்றும் ஜப்பானில் இருக்கிறது. அவர் பாட்டைக் கேட்டிராதவர்கள்கூட அவருடைய பல்வலியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்த நாட்டுக் கலைஞருக்கு இப்படி ஒரு நினைவுச் சின்னம் கிடைத்திருக்கிறது?

சரி, சாஸ். ஸ்டேக்கை எடுத்த சட்டியைக் கழுவாதீர்கள். அதிலுள்ள கொழுப்பில் துருவிய அரை வெங்காயம், ஒரு பல் பூண்டு, கொஞ்சம் இஞ்சி போட்டுப் பச்சை வாடை போகும்வரை கிளறுங்கள். மூன்று மேசைக்கரண்டி மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது), அதே அளவு சாகே (அரிசி மது) ஊற்றி மது ஆவியாகும்வரை கொதிக்கவிடுங்கள். மது வேண்டாம் என்றால் தண்ணீரும் ஒரு கரண்டி சர்க்கரையும் போதும். சோயாவைக் கடைசியில் மூன்று மேசைக்கரண்டி ஊற்றி ஒரு கொதியில் இறக்குங்கள். முதலிலேயே ஊற்றினால் மணம் போய்விடும், உப்பும் சுண்டி ஏறிவிடும். பலகையில் இறைச்சி விட்ட சாற்றையும் வழித்து ஊற்றுங்கள். துருவிய முள்ளங்கியை மேலே வைத்தால் கொழுப்பின் திகட்டல் தெரியாது.

நீங்கள் கேட்ட சோயா: சிங்கப்பூர்க் கடைகளில் சீனத்துக் கறுப்பு சோயாவும் ஜப்பானிய சோயாவும் அடுத்தடுத்த தட்டிலேயே இருக்கும். கறுப்பு சோயா கெட்டியானது, நிறத்துக்காகச் செய்தது. இந்தச் சாஸுக்கு அது ஆகாது. ஜப்பானிய ‘கோய்குச்சி’ வாங்குங்கள்; மேலே சொன்ன, பரவலாகப் புழங்கும் சோயா அதுதான். இயற்கையாக நொதிக்கவைத்தது என்று சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிர் நிறத்தில் ‘உசுகுச்சி’ என்று ஒன்று இருக்கும். நிறத்தைப் பார்த்து உப்புக் குறைவு என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். அதில்தான் உப்பு அதிகம்.