கிரெடிட் கார்டு கடன்: வங்கி பதிலே தராவிட்டால் என்ன செய்வது?

கடந்த சில வாரங்களில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். "கட்ட மாட்டேன்னு சொல்லலைங்க, குறைச்சுக் கட்டுறேன்னுதான் சொல்றேன். காது கொடுத்துக் கேட்க ஆள் இல்லை." வங்கியில் கடன் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவன் என்பதால், அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

திருப்பூரில் இருந்து ஒரு வாசகர்: வணக்கம்ங்க ஐயா. செக்கிங், பேக்கிங் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியதும் எங்களுக்கு வேலை தரும் கம்பெனிக்கு ஆர்டர் நின்றது, எனக்கும் நின்றது. கார்டில் ரூ.2,40,000 பாக்கி. ஐந்து மாதமாகக் கட்டவில்லை. மாதம் ரூ.5,000 கட்டுகிறேன் என்று நாலு மெயில் போட்டுவிட்டேன். பதில் இல்லை. ஆனால் வசூல்காரர்கள் போன் மட்டும் நிற்பதில்லை. என்ன செய்யட்டும்?

முதலில் உங்கள் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் போட்டுப் பார்த்தேன். மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்தால் வட்டி ரூ.8,400. கார்டு வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அது ரூ.1,512. ஆக மாதம் ரூ.9,912. நம்மூர்க் கணக்கில் சொன்னால் நூற்றுக்கு நாலு வட்டிக்கும் மேல். ஃபைனான்ஸ்காரர் இப்படி வட்டி சொல்லியிருந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்திருப்பீர்கள். இந்த நிலையில் ரூ.5,000 கட்டினால் பாதி வட்டிக்குத்தான் காணும். அசல் ஒரு ரூபாய் குறையாது. அதனால் நீங்கள் கேட்க வேண்டியது "ரூ.5,000 கட்டுகிறேன்" என்பதை அல்ல. "வட்டியையும் அபராதத்தையும் இன்றோடு நிறுத்துங்கள், 48 மாதத்தில் ரூ.2,40,000ஐ முடிக்கிறேன்" என்பதை.

ஏன் பதில் வரவில்லை? வாடிக்கையாளர் சேவையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு ரூபாய் குறைக்கவும் அதிகாரம் கிடையாது. வசூல் பிரிவுக்கு இந்த மாத இலக்குதான் கண். பாக்கியைக் குறைத்துக் கட்டி முடிக்கும் சமரசத் தீர்வை (செட்டில்மென்ட்) பார்க்கும் மேசை தனி. குறைந்தபட்சத் தொகை 90 நாளுக்கு மேல் நின்று கணக்கு வாராக்கடன் ஆன பிறகுதான் அது பெரும்பாலும் ஃபைலைத் திறக்கும். உங்கள் மெயில் முதல் மேசையிலேயே "நன்றி, பரிசீலிக்கிறோம்" என்று மூடப்பட்டிருக்கும். நான் வேலையில் இருந்த காலத்தில் எங்கள் மேசைக்கும் இப்படி எத்தனையோ மனுக்கள் வந்தன. "கஷ்டப்படுகிறேன், உதவுங்கள்" என்று மட்டும் இருந்தவற்றை நாங்கள் ஒதுக்கி வைத்தோம். அதை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது. தொகையும் தேதியும் போட்டு வந்த மனுவை அப்படி ஒதுக்க முடியாது. யாராவது ஒருவர் அதன்மேல் ஆம் என்றோ இல்லை என்றோ எழுதியாக வேண்டும்.

ஆகவே ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கார்டின் கடைசி நாலு எண், பாக்கி, வருமானம் ஏன் நின்றது, இப்போதைய வரவும் செலவும், எவ்வளவு, எந்தத் தேதியில் இருந்து கட்ட முடியும். கார்டை முடக்கச் சொல்லுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். மேலே "புகார்" என்று தெளிவாகத் தலைப்பிட்டு, முந்தைய நாலு மெயில்களின் தேதிகளையும் குறிப்பிடுங்கள். பில்லிலும் இணையதளத்திலும் குறைதீர்க்கும் அதிகாரி, நோடல் அதிகாரி (புகார்களுக்குப் பொறுப்பானவர்) முகவரி இருக்கும். அங்கே மெயிலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபாலை 2025ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். டெலிவரி ஆனதற்கான சான்றை மறக்காமல் வாங்குங்கள். கிளையில் கொடுத்தால், பெற்றுக்கொண்டதற்கான இன்வர்டு சீலை நகலில் போட்டு வாங்காமல் வராதீர்கள். சில கார்டுகளை நடத்துவது வங்கி அல்ல, அதன் துணை நிறுவனம். எஸ்பிஐ கார்டு அப்படித்தான். அவற்றுக்கு அந்த நிறுவன முகவரிக்கே அனுப்ப வேண்டும். போனில் சொன்னாலும் புகார் எண் தர வேண்டும் என்பது 2022ல் ரிசர்வ் வங்கி கார்டுகளுக்காகப் போட்ட விதி.

அனுப்பிய தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். சி.எம்.எஸ். டாட் ஆர்.பி.ஐ. டாட் ஓ.ஆர்.ஜி. டாட் இன் தளத்தில் புகார் பதியக் கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஒன்றைப் புரிந்துகொண்டு போங்கள். எவ்வளவு தள்ளுபடி தருவது என்பது வங்கியின் வணிக முடிவு, அதில் ஓம்பட்ஸ்மேன் கை வைக்க மாட்டார். "ஒரு மாதமாகப் பதிலே இல்லை, பதில் வாங்கித் தாருங்கள்" என்று கேளுங்கள்; அது சேவைக் குறைபாடு, அதற்கு வழி உண்டு. நான் பார்த்தவரை, ஓம்பட்ஸ்மேன் புகார் எண் விழுந்த பிறகுதான் பல கணக்குகளில் சரியான மேசையில் இருந்து போன் வருகிறது.

பதில் வரும்வரை அந்த ரூ.5,000ஐ என்ன செய்வது? கணக்கு வாராக்கடன் ஆகாமல் இருந்திருந்தால் கார்டிலேயே கட்டச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இப்போது கட்டினால் வட்டிப் பள்ளத்தில் போய்விடும். கார்டு தந்த வங்கியில் இல்லாமல் வேறு வங்கியில் மாதாமாதம் சேருங்கள். அதே வங்கியில் வைத்தால் பாக்கிக்கு எடுத்துக்கொள்ளும் உரிமையைக் கார்டு ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள். கையில் ஒரு தொகை இருக்கும்போது பேசினால் பேச்சின் தோரணையே மாறும். வீட்டில் நகை சும்மா இருக்கிறது என்றால் பொதுத்துறை வங்கியில் அடகு வைத்து இதை முடிப்பதையும் யோசியுங்கள். கார்டு வட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கந்துவட்டிக்கு வாங்கி மட்டும் கார்டை அடைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கோவை சிங்காநல்லூர், லேத் பட்டறை வைத்திருப்பவர்: ஒன்றரை லட்சம் பாக்கிக்கு ரூ.80,000 கட்டினால் முடித்துத் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். இன்று மாலைக்குள் ஜிபேயில் போட வேண்டுமாம். கடிதம் பின்னால் வருமாம். வங்கிக்குப் போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை.

போடாதீர்கள். என் சித்தப்பா மகன் இதே மாதிரி ரூ.45,000ஐ ரொக்கமாகக் கொடுத்தான். அந்த ஏஜென்ட் மாறிப்போனார். எட்டு மாதம் கழித்து முழுத் தொகைக்கும் வக்கீல் நோட்டீஸ் வந்தது. வங்கியில் அண்ணன் இருக்கிறான் என்று தெரிந்தும், கடன்பட்ட வெட்கத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடிதம் முதலில், காசு பிறகு. வங்கியின் பெயரில் வரும் கடிதத்தில் உங்கள் பெயர், கார்டின் கடைசி எண்கள், மொத்தப் பாக்கி, ஒப்புக்கொண்ட தொகை, கட்ட வேண்டிய தேதி, மீதியைத் தள்ளுபடி செய்து இனி உரிமை கோர மாட்டோம் என்ற வரி, பாக்கியில்லாச் சான்று எப்போது தருவார்கள் என்ற வரி இவ்வளவும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த கடிதம் என்றால், கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணிலோ வங்கியின் அதிகாரப்பூர்வ மெயிலிலோ உறுதி செய்யாமல் நம்பாதீர்கள். பணம் உங்கள் கார்டு கணக்குக்கே போக வேண்டும், தனி ஆள் எண்ணுக்கு அல்ல. தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டால் ஒரு தவணை தவறினாலும் சலுகை ரத்து என்று எழுதியிருக்கும். அந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

"எங்க வங்கியில அப்படி செட்டில்மென்ட்டே கிடையாது" என்று எவராவது சொன்னால் மிரள வேண்டாம். ஒவ்வொரு வங்கியும் சமரசத் தீர்வுக்கு இயக்குநர் குழு ஒப்புதல் பெற்ற கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதே உத்தரவில், சமரசம் செய்தவருக்கு அந்த வங்கி குறைந்தது 12 மாதம் புதுக் கடன் தரக்கூடாது என்றும் இருக்கிறது. பட்டறைக்கு மெஷின் லோன் போடும் எண்ணம் இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

கோபிசெட்டிபாளையம் வாசகி: ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வருகிறது. என் மாமனாருக்கும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். ஊருக்குள் தலைகாட்ட முடியவில்லை.

காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது. குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக்கூடாது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. வந்த எண், தேதி, நேரத்தை ஒரு நோட்டில் குறித்து, மாமனாருக்கு வந்த அழைப்பின் ஸ்கிரீன்ஷாட்டோடு நோடல் அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். வீட்டுக்கு ஆள் வந்தால் அடையாள அட்டையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் கேளுங்கள். உங்கள் புகார் முடிவாகும்வரை கணக்கை வசூல் ஏஜென்சிக்கு அனுப்பக்கூடாது என்று 2008லேயே விதி இருக்கிறது. அதை அந்த மெயிலில் எழுதுங்கள். நீங்கள் பட்டது கடன், குற்றம் செய்யவில்லை அம்மா. கார்டு பாக்கிக்காக மட்டும் போலீஸ் வந்து கைது செய்யாது. செக் கொடுத்து அது திரும்பினால் மட்டும் கதை வேறு. அதனால் யாருக்கும் தேதி போடாத செக் கொடுக்க வேண்டாம்.

ஈரோடு, ஜவுளி வியாபாரி: செட்டில்மென்ட் முடித்து ஒரு வருஷம் ஆகிறது. சிபிலில் இன்னும் பாக்கி என்றே காட்டுகிறது. வங்கி பதில் தருவதில்லை.

சிபில் மட்டுமல்ல, எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நாலு நிறுவனங்கள் உண்டு. நாலிலும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். நாலையும் எடுத்துப் பாருங்கள். தவறு உள்ள இடத்தில் அந்த நிறுவனத்துக்கும் வங்கிக்கும் செட்டில்மென்ட் கடிதம், கட்டிய ரசீதோடு புகார் போடுங்கள். 30 நாளில் சரி செய்யாவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு தர வேண்டும். ஆனால் "செட்டில்டு" (குறைத்துக் கட்டி முடித்தது) என்ற சொல்லை நீக்கச் சொன்னால் நடக்காது. அது உண்மை நிலவரம். "குளோஸ்டு" (முழுதும் கட்டி முடித்தது) ஆக வேண்டும் என்றால் தள்ளுபடியான மீதியையும் கட்டியாக வேண்டும்.

பல்லடம், விசைத்தறி உரிமையாளர்: கடைசியாகக் கட்டி நாலு வருஷம் ஆச்சுங்க. இடையில் ஒரு தகவலும் இல்லை. இப்போது திடீரென ஒரு ஏஜென்சி, "ஒரு ஆயிரம் ரூபாயாவது போடுங்க, இல்லைன்னா தர்றேன்னு ஒரு மெசேஜ் போடுங்க" என்கிறது. போடலாமா?

அந்த ஆயிரத்தை எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1963 காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான். அந்த மூன்று வருஷத்துக்குள் கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதி கட்டினாலோ காலம் புதிதாக ஓடத் தொடங்கும். முடிந்த பிறகும், "தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் அதுவே புது வாக்குறுதியாகி உங்களைக் கட்டும். ஆகவே வக்கீலிடம் காட்டாமல் பணமும் வேண்டாம், மெசேஜும் வேண்டாம்.

அதற்கு முன் ஒரு வேலை. ஈ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரைப் போட்டு, நீங்கள் அறியாமல் வழக்குப் போட்டு ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி இருக்கிறதா என்று பாருங்கள். தீர்ப்பு ஆகியிருந்தால் அதை நிறைவேற்ற 12 வருஷம் அவகாசம் உண்டு. மூன்று வருஷக் கணக்கு அங்கே உதவாது. ஏஜென்சி யாருக்காகக் கேட்கிறது, கடன் விற்கப்பட்டதா என்பதையும் வங்கியிடமே எழுத்தில் கேளுங்கள். கட்ட வசதி இருந்தும் மூன்று வருஷம் தலைமறைவாகி ஏமாற்றுவதற்கு நான் வழி சொல்லவில்லை. உங்களுக்குத் தறி ஓடி, மனமும் இருந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கும் லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், முடியுங்கள். அங்கே எழுதிய தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது, இரண்டு பக்கமும் கட்டுப்பட்டாக வேண்டும். கூப்பிட்டால் பேச வராத வங்கியும் தேசிய லோக் அதாலத் நாளில் பெரும்பாலும் ஆள் அனுப்பும்.

நாமக்கல் லாரி உரிமையாளர்: நாலு கார்டிலும் சேர்த்து ஆறு லட்சம். பேசாமல் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. 1920 ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டத்தில் மனுப் போட இன்றும் வழி இருக்கிறது. ஆனால் நொடித்தவர் என்று அறிவித்துவிட்டால் சொத்து உங்கள் கையை விட்டுப்போய் நீதிமன்றத்தின் பொறுப்புக்கு வரும். ஓடுகிற வண்டியை அதில் கொண்டுபோய் நிறுத்துவானேன்? வட்டி கூடுதலான கார்டில் இருந்து ஒவ்வொன்றாக, திருப்பூர்க்காரருக்குச் சொன்னபடி எழுதுங்கள்.

பொள்ளாச்சி வாசகி: என் வீட்டுக்காரர் இறந்து ஏழு மாதம் ஆகிறது. அவருடைய கார்டில் ரூ.1,80,000 பாக்கி. இறப்புச் சான்றிதழை இரண்டு முறை அனுப்பிவிட்டேன், பதிலே இல்லை. மனைவிதான் கட்ட வேண்டும் என்று வீட்டுக்கு வந்து சொல்கிறார்கள். அவருடைய பி.எஃப். பணம் மட்டும் வந்திருக்கிறது.

உங்கள் துயரத்தோடு இதுவும் சேர்ந்ததை நினைத்து வருந்துகிறேன் அம்மா. நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை அது உங்கள் கடன் அல்ல. அவர் விட்டுச்சென்ற சொத்து உங்கள் கைக்கு வந்திருந்தால், அந்தச் சொத்தின் மதிப்பு அளவுக்கு மட்டுமே வங்கி கேட்க முடியும். வாரிசுக்கு அல்லது நாமினிக்கு வரும் பி.எஃப். பணம் இறந்தவரின் கடனுக்குக் கட்டுப்படாது என்று பி.எஃப். சட்டமே சொல்கிறது. அதை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அவர் பேரில் தோப்போ வீடோ இருந்தால் மட்டும் வக்கீலைக் கேட்டு, சொத்தைக் காப்பாற்ற ஒரு சமரசத் தொகை பேசலாம்.

உங்களிடம் கூடுதல் கார்டு இருந்தால் இனி தேய்க்க வேண்டாம். "நான் கட்டுகிறேன்" என்று சொல்லவோ எதிலும் கையெழுத்துப் போடவோ வேண்டாம். மூன்றாவது முறையாக நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள்: இறந்த தேதி, முன்பு அனுப்பிய இரண்டு கடிதங்களின் தேதி, இறந்த நாளுக்குப் பிறகு போட்ட வட்டியை நீக்கும் கோரிக்கை, கார்டோடு காப்பீடு ஏதும் இருந்ததா என்ற கேள்வி. 30 நாள் பாருங்கள், பிறகு ஓம்பட்ஸ்மேன்.

பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பொள்ளாச்சி நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள், அல்லது 15100க்குக் கூப்பிடுங்கள். அவர்களிடம் அந்தக் கடிதத்தைச் சரிபார்த்து அனுப்பிய பின் அதன் நகலையும் இறப்புச் சான்றிதழ் நகலையும் ஒரு கவரில் போட்டு வாசல் பக்கம் வையுங்கள். அடுத்த முறை யார் வந்தாலும் உள்ளே கூப்பிட வேண்டாம். அவர் பெயரையும் நிறுவனத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு, அந்தக் கவரைக் கொடுத்து அனுப்புங்கள்.