பத்துப் பட்டாம்பூச்சியும் அண்ணன் தம்பியும்

வணக்கம் சார்,

கோஸ்டா ரிக்காவில் ஒரு பட்டாம்பூச்சி பத்து இனமாகப் பிரிந்ததை எழுதியிருந்தீர்கள். படத்தில் பத்தும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. டி.என்.ஏ.வில் நாலு எழுத்து மாறினால் வேறு இனமா? அண்ணன் தம்பிக்கே அவ்வளவு மாறுமே!

– ஒரு கல்லூரி மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

தப்பு என்னுடையது. கதையை வால்பக்கத்திலிருந்து சொல்லிவிட்டேன். டி.என்.ஏ. கடைசியில் வந்தது. முதலில் சந்தேகத்தைக் கிளப்பியவை புழுக்கள்.

அஸ்ட்ராப்டெஸ் ஃபல்ஜரேட்டர் என்ற இந்த ஸ்கிப்பர் வகைப் பட்டாம்பூச்சிக்கு 1775-லேயே பெயர் வைத்தாயிற்று. கருத்த இறக்கை, முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டை, உடம்பில் மயில்கழுத்து நீலம். கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்தே காடுகளில் டேனியல் ஜான்சென், வின்னி ஹால்வாக்ஸ் என்ற உயிரியலாளர்கள் உள்ளூர்க்காரர்களைப் பழக்கி, 25 வருடம் இதன் புழுக்களைச் சேகரித்து வளர்த்தார்கள். பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை. பிளாஸ்டிக் பைக்குள் ஒரு புழு, அது இருந்த செடியின் தழை, பையைக் கட்டித் தொங்கவிட்டால் சரி. அந்தப் பைகளில்தான் குட்டு உடைந்தது. செல்டிஸ் என்ற மரத்தின் தழை தின்னும் புழுவுக்கு ஒரு கோலம், சென்னா (நம் ஆவாரையின் பேரினம்) தின்பதற்கு வேறு கோலம். இறக்கை முளைத்ததும் எல்லாம் ஒரே முகம். இனம் பிரிக்கப் பூச்சியியலார் பெரிதும் நம்பும் இனப்பெருக்க உறுப்புகளிலும் வித்தியாசமில்லை.

அப்புறம்தான் 400-க்கு மேற்பட்ட பூச்சிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் பகுதி; அதற்கென்று தனி டி.என்.ஏ. உண்டு) ஒரு மரபணுவைப் படித்தார்கள். பெரும்பாலும் செடிவாரியாகவே கூட்டம் கூட்டமாகப் பிரிந்தது. 'குறைந்தது பத்து' என்று 2004-இல் அறிவித்தார்கள்.

உங்கள் அண்ணன் தம்பிக் கணக்கு மட்டும் இங்கே உதைக்கிறது. மைட்டோகாண்ட்ரியா அம்மா வழி வருவது. ஒரு தாய் பிள்ளைகளுக்கு அது அநேகமாக அச்சு அசல் ஒன்றே. ஆனால் பத்தில் சில கூட்டங்களுக்கு இடையே வேறுபாடு மிகச் சொற்பம். அங்கே உங்கள் சந்தேகம் செல்லும். ஆண்ட்ரூ ப்ரோவர் என்ற பட்டாம்பூச்சி ஆய்வாளர் 2006-இல் அதே தரவை மறுபடி அலசி, மூன்றுக்குக் குறையாது, ஏழுக்கு மேல் போகாது என்றார். எனக்கும் அவர் பக்கம்தான் சாய்வு. வேடிக்கை என்னவென்றால், 2010-இல் அந்தப் பத்துக்கும் முறையாக லத்தீன் பெயர் சூட்டியவரும் அவரே!

இப்போது பேரினமும் மாறிவிட்டது. புதிய பட்டியல்களில் டெலிகோனஸ் என்று தேடுங்கள்.