கச்சான் எண்ணெய் ஆலைக்குக் கடன் எடுக்கலாமா?

கேள்வி: கிளிநொச்சி விவசாய பீடத்தில் படித்து முடித்த நான், தோழி ஒருத்தியுடன் சேர்ந்து எங்கள் ஊர்க் கச்சானில் இரசாயனம் சேராத செக்கெண்ணெய் எடுத்து விற்க விரும்புகிறேன். தொழில்முனைவோர் பயிற்சியொன்றில் இதை ‘நிலைபேறான தொழில்’ என்று பாராட்டினார்கள். இயந்திரம் வாங்க, வாராந்தத் தவணையில் நுண்கடன் தர ஒரு நிறுவனம் சம்மதித்திருக்கிறது. அம்மாவோ கடன் என்றாலே பயப்படுகிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2018இல், வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் எடுத்திருந்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வந்தது. அந்த அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. உங்கள் விடயத்தில் வட்டியை விடத் தவணைக்காலமே எனக்கு உறுத்துகிறது. மாரி மழையை நம்பி விதைக்கும் கச்சான் தை, மாசியில்தான் வீடு வந்து சேரும். ஆண்டு முழுவதற்கும் வேண்டிய கச்சானை அப்போதே கைக்காசு கொடுத்து வாங்கிவைக்க வேண்டிய நீங்கள், அதே கிழமையிலிருந்து தவணையும் கட்டத் தொடங்கினால், விலை ஏறும்வரை பொறுத்திருக்க முடியாமல் வந்த விலைக்குத் தள்ளிவிட நேரும்.

அடுத்தது, எண்ணெய்தான் வேண்டுமா என்பது. எங்கள் அடுப்படியில் தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயுமே புழங்குகின்றன. கச்சானை நாங்கள் வறுத்துக் கொறிக்கிறோம். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்க் கச்சான் வாங்காமல் திரும்புகிறவர் எத்தனை பேர்? 100 கிலோ பருப்பைச் செக்கிலிட்டால் பெரும்பாலும் 40 கிலோவுக்கும் குறைவான எண்ணெய்தான் கிடைக்கும், மிச்சத்தைப் பிண்ணாக்காக மாடு வளர்ப்போரிடம் விற்றால்தான் கணக்குச் சரிவரும். ஆகவே முதல் வருடம் தரம்பிரித்த கச்சான், வறுத்த கச்சான், கச்சான் அல்வா ஆகியவற்றோடு நில்லுங்கள். எண்ணெய் ஆசை விடாவிட்டால், செக்கு வைத்திருப்பவரிடம் கூலிக்கு ஆட்டிச் சிறிதளவு விற்றுப் பாருங்கள்.

நீங்கள் முதலில் வாங்கவேண்டியவை ஈரப்பதன்மானியும், நிலத்திலிருந்து உயர்த்திய உலர்த்தும் தட்டுகளும், மழை நனைக்காத ஒளிபுகு கூரையும். பிடுங்கும் நாளில் மழை பெய்தால் கோதுக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கிறது. அது உண்டாக்கும் அஃப்ளடொக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. வறுத்தாலும் முற்றாக நீங்காது, பிண்ணாக்கில் தங்கி, அதைத் தின்ற மாட்டின் பால்வரைக்கும் போகும். காயைக் காதோரம் வைத்துக் குலுக்கி, பருப்பு கலகலத்தால் காய்ந்துவிட்டது என்பார்கள் எங்கள் கமக்காரர்கள். வீட்டுத் தேவைக்கு அது போதும். பொதியிட்டு மாதக்கணக்கில் கடையில் வைக்கப்போகும் பருப்பின் ஈரப்பதன் 8 வீதத்துக்கு மேற்படக் கூடாது. இதை நீங்கள் பீடத்திலேயே படித்திருப்பீர்கள். இரசாயனம் சேராதது என்று லேபல் ஒட்டுவதற்கு முன்னர் செய்யவேண்டிய வேலை இதுதான். உடைத்த கோதை வறுக்கும் அடுப்புக்கே எரித்தால் விறகுச் செலவும் குறையும். (பயிற்சியில் சொன்ன நிலைபேற்றில் இந்தக் கோதுக்கும் இடம் இருந்ததா என்று அறிய ஆவல்.)

பணத்துக்கு, உங்கள் பகுதிச் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில், விற்பனைக்குப் பிறகு மொத்தமாகத் திருப்பிச் செலுத்தும் ஒழுங்கு உண்டா என்று கேளுங்கள். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதிவுசெய்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே அழைத்து வேலையிடத்தைக் காட்டிவிடுங்கள். யார் எவ்வளவு முதல் போட்டார், ஒருவர் விலகினால் எப்படிப் பிரிப்பது என்பவற்றைத் தோழியுடன் இப்போதே எழுதி, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.